ஆதிவாசி ஆஸ்பத்திரி அக்காமாருக்கு ஒரு திறந்த மடல்

கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையின் நர்ஸ் அக்காமாருக்கும், ஊர் ஊராக நடக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும்,

வணக்கம்.

1990ல் தொடங்கிய உங்கள் ஆஸ்பத்திரிக்கு 35 வருடம் நிறைந்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் நன்றி எல்லாம் டாக்டர்களுக்குத்தான் போகும். பொன்னாடை அவர்களுக்கு, பேட்டி அவர்களுக்கு, பத்திரிகையில் படமும் அவர்களுக்கு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்கள் வந்திருக்காவிட்டால் இது எதுவுமே நடந்திருக்காது. ஆனாலும் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன், ஏனென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு பிரசவ அறையில் நின்றது நீங்கள், அட்டை கடிக்கக் கடிக்க சேற்றில் ஏறிப்போய் ஒரு குடிசையில் தராசைத் தொங்கவிட்டு குழந்தையை எடை போட்டது நீங்கள், அந்தக் குழந்தையின் பாட்டி விரட்டினால் அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே திரும்பவும் போய் நின்றதும் நீங்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பந்தலூர் பக்கம் ஒரு டான்டீ லைனில், அதாவது அரசு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவன். ஊரில் 'சிலோன்காரங்க' என்பார்களே, இலங்கைத் தோட்டங்களில் இருந்து திரும்பி வந்த தமிழர்கள், அந்தக் கூட்டம். 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் எங்களை எண்ணிக்கை போட்டுப் பிரித்துக்கொண்டார்கள் அல்லவா, அதில் இந்தியாவின் பங்குக்கு விழுந்த ஐந்தே கால் லட்சம் பேர் கணக்கில் என் தாத்தா குடும்பமும் ஒன்று. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் வனத்துறை மூலம் அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அது நல்ல காரியம்தான். ஆனால் தேயிலை போட இடம் வேண்டும், இடத்துக்கு காடு வெட்ட வேண்டும், அந்தக் காட்டில் ஏற்கனவே யார் இருந்தார்கள் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. நீலகிரி என்றால் ஊட்டி, பூங்கா, மலை ரயில் என்று நினைப்பவர்களுக்கு கூடலூர், பந்தலூர் இரண்டும் வேறு உலகம். ஊட்டியில் இருந்து ஐம்பது கிலோமீட்டர் கீழே இறங்கினால் கேரளா, கர்நாடகா, தமிழ்நாடு மூன்றும் முட்டிக்கொள்ளும் இடம். பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என்று ஆதிவாசிகள் வாழும் பூமி. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம், 1969ல் வந்த ஜன்ம ஒழிப்புச் சட்டம், அதன் மேல் வழக்கு, வழக்கின் மேல் வழக்கு என்று நிலப் பிரச்சினை மட்டுமே தனி மடலுக்கு ஆகும். வெளியில் இருந்து வந்த எல்லோரும் ஆளுக்கு ஒரு துண்டு பிடித்துக்கொள்ள, எந்தப் பட்டாவும் இல்லாமல் நின்றது முதலில் இருந்தவர்கள்தான்.

எண்பதுகளின் நடுவில் ஸ்டான் தேக்கேக்கராவும் அவர் மனைவி மாரியும் இங்கே வந்து ஆதிவாசிகளுக்காக 'அக்கார்டு' அமைப்பைத் தொடங்கினார்கள். ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. 1988 டிசம்பரில் கூடலூர் தெருவில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நிலம் கேட்டு ஊர்வலம் போனதை என் அப்பா இன்றைக்கும் சொல்வார். "இத்தனை பேர் இருக்காங்கன்னே அன்னிக்குத்தான்டா தெரிஞ்சுது" என்பார். அதற்கு முந்தைய வருடமே, 1987ல், டாக்டர்கள் தேவதாசனும் ரூபாவும் வந்து ஊர்களிலேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்து சுகாதார வேலை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். தடுப்பூசி, கர்ப்பிணிகளைப் பார்ப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். இதெல்லாம் இன்று சின்ன விஷயமாகத் தெரியும். அன்றைக்கு வயிற்றுப்போக்கில் குழந்தை போவது ஒரு செய்தியாகக்கூட இருக்கவில்லை.

அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. ஊரில் நோயைக் கண்டுபிடித்துவிடுகிறீர்கள், சரி. பெரிய வைத்தியத்துக்கு எங்கே அனுப்புவது? ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே ஆதிவாசி போனால் என்ன நடக்கும் என்று எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வரிசையில் கடைசி. பெஞ்சு காலியாக இருந்தாலும் தரையில். "குளிச்சிட்டு வந்தியா" என்று ஒரு அதட்டல். எந்த ஆஸ்பத்திரி, யார் சொன்னது என்று நான் பெயர் போடப்போவதில்லை, ஓர் இடத்தில் மட்டும் நடந்த விஷயமும் இல்லை அது. இப்படி ஒரு தடவை கூனிப்போய் வந்தவர் அடுத்த தடவை உயிர் போகிற நிலையிலும் கிளம்ப மாட்டார். 'ஆதிவாசிகள் வைத்தியத்துக்கு வரமாட்டார்கள், மூடநம்பிக்கை' என்று படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். வந்தால் எப்படி நடத்தினீர்கள் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

அதனால்தான் உங்கள் சங்கத்துப் பெரியவர்கள் எங்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்றார்கள். அமெரிக்காவில் இருந்த டாக்டர் நந்தகுமார் மேனனும் டாக்டர் ஷைலா தேவியும் வந்தார்கள், ஒருவர் அறுவை சிகிச்சை, இன்னொருவர் மகப்பேறு. 1990ல் ஆஸ்பத்திரி தொடங்கியது. அதை நடத்த 'அஷ்வினி' என்ற அமைப்பு. டாக்டர்கள் கிடைத்துவிட்டார்கள், நர்சுகளுக்கு எங்கே போவது? இந்த இடத்தில் எடுத்த முடிவுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பட்டம் வாங்கிய நர்சுகளை வெளியில் இருந்து கொண்டுவருவதற்குப் பதிலாக, ஊர்களில் இருந்த ஆதிவாசிப் பெண்களையே கூட்டிவந்து, அதில் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களும் உண்டு, ரத்த அழுத்தம் பார்ப்பதில் இருந்து ஆபரேஷன் தியேட்டரில் நிற்பது வரை கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பெண்கள்தான் நீங்கள். உங்களில் மூத்தவர்கள் இப்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டீர்கள்.

வாசலில் உட்கார்ந்து நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என் சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். மருந்து கொடுக்கும் இடத்தில் ஒரு பணியர் பாட்டி, கையில் மாத்திரைப் பொட்டலம். உங்களில் ஒருவர் உள்ளே இருந்து எழுந்து வெளியே வந்து, பாட்டி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, பணியர் மொழியில் பேசினீர்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. விடிகாலையில் ஒன்று, மாடு திரும்புகிற நேரத்தில் ஒன்று என்று சொன்னது புரிந்தது. ஒரு பொட்டலத்தின் மூலையை மடித்து, இன்னொன்றை மடிக்காமல் விட்டு, இரண்டையும் பாட்டி கையில் கொடுத்து, எது காலை என்று திருப்பிச் சொல்லச் சொன்னீர்கள். பாட்டி தப்பாகச் சொன்னார். சிரித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து. மூன்றாவது தடவை பாட்டிக்குக் கோபம் வந்து உங்களைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். நான் போன வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் நோயாளி நர்சைத் தட்டிப் பார்த்ததில்லை. அதற்கு எவ்வளவு சொந்தம் வேண்டும்!

அடுத்தது காப்பீடு. இன்று முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாத வீடு குறைவு. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு தமிழ்நாட்டில் வந்தது 2009ல், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் 2018ல். கூடலூர் ஆதிவாசிகளுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்பீடு வந்தது 1992ல். 1992! நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தோடு பேசி, சங்கத்து உறுப்பினர்களைச் சேர்த்து, வருடத்துக்கு ஒருமுறை அவரவர் பங்கைக் கட்டவைத்து நடத்திய திட்டம். கூலி வேலைக்குப் போகிறவர்கள், நோய் வராத வருடத்திலும் பணம் கட்ட வேண்டும் என்பதை எப்படிப் புரியவைத்தீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் லைனில் சீட்டு கட்டுவோம், என்றைக்காவது ஒருநாள் அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். காப்பீட்டில் நோய் வராவிட்டால் பணம் போனது போனதுதான், ஆனால் அது பக்கத்து ஊர் நோயாளிக்குப் போனது. இந்த ஒரு விஷயத்தை ஊர் ஊராக உட்கார்ந்து பேசியது நீங்களும் சங்கத்து ஆட்களும்தான். டாக்டர் தேவதாசன் பிற்பாடு இதை ஆராய்ச்சிக் கட்டுரைகளாக எழுதினார், பொது சுகாதாரம் படிக்கிற பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளின் அட்டவணைகளுக்குப் பின்னால் இருப்பது உங்கள் நடை.

பங்கு கட்டியதால் இன்னொன்றும் நடந்தது என்று நினைக்கிறேன். இலவசமாக வருகிற இடத்தில் வாயைத் திறக்கப் பயம். பணம் கட்டியவன் கேள்வி கேட்பான். "ஏன் இந்த மாத்திரை, ஏன் இன்னும் காய்ச்சல் விடல, டாக்டரை வரச்சொல்லு" என்று ஒரு காட்டுநாயக்கர் பெரியவர் சத்தம் போடுவதை உங்கள் ஆஸ்பத்திரியில்தான் முதல்முதலாகக் கேட்டேன். வெளியே ரேஷன் கடையில் அதே ஆள் வாயே திறக்கமாட்டார்.

இனி சிக்கிள் செல் என்ற ரத்த நோய். இதைப் பற்றித்தான் இந்த மடலில் அதிகம் எழுத நினைத்தேன்.

ரத்தத்தில் சிவப்பணு உருண்டையாக, நெகிழ்வாக இருக்க வேண்டும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அது அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துப்போய் சின்ன ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. அடைத்த இடத்தில் வலி. சாதாரண வலி இல்லை, எலும்பைப் பிளக்கிற வலி. கைக்குழந்தைகளுக்கு விரல்கள் பொம்மென்று வீங்கிவிடும். தாய் தந்தை இருவருக்கும் இந்த நோயைக் கடத்தும் மரபணுக் கூறு இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்பு, பாதி வாய்ப்பு கூறு மட்டும் இருக்க. கூறு மட்டும் உள்ளவர்களை மலேரியா அவ்வளவு சுலபமாகக் கொல்லாது, அதனால்தான் தலைமுறை தலைமுறையாக மலேரியாக் காட்டில் வாழ்ந்தவர்களிடம் இது தங்கிவிட்டது. காடு கொடுத்த காவல் என்றும் சொல்லலாம், அதற்கு வாங்கிய விலை என்றும் சொல்லலாம்.

1952லேயே லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் இந்தக் கூறு இருப்பதைக் கண்டு எழுதிவிட்டார்கள். இந்தியாவில் இதைப் பற்றி வந்த ஆரம்பப் பதிவுகளில் ஒன்று அது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்கத் தெரியவில்லை. ரத்தம் எடுத்தாகிவிட்டது, கட்டுரை வந்தாகிவிட்டது. ரத்தம் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் காரணம் தெரியாமல் வலியில் புரண்டார்கள். வாதம், பேய் பிடிப்பு, இல்லையென்றால் வேலைக்குப் போகாமல் இருக்க நடிப்பு. எஸ்டேட்டில் இந்தக் கடைசிப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் நிறைய.

நீங்கள் வந்த பிறகுதான் ரத்தம் எடுத்தவர்களே திரும்பிவந்து முடிவையும் சொன்னார்கள். வேலூர் சி.எம்.சி.யின் துணையோடு பரிசோதனை, நோய் உள்ளவர்களின் பெயர்ப் பதிவு, ஃபோலிக் அமில மாத்திரை, தேவைப்படுபவர்களுக்கு வலி வருவதைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்து. அதோடு ஊர் ஊராகச் சொன்ன எளிய புத்திமதி: தண்ணீர் நிறையக் குடி, குளிரில் நனையாதே, காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் கிளம்பி வா. ஜூன், ஜூலையில் தேவாலா மழையில் 'நனையாதே' என்று சொல்வது எவ்வளவு சிரமம் என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். கூலி வேலை செய்கிற பெண் கொழுந்து பறிக்க மழையில்தான் போகவேண்டும். அதற்கும் நீங்கள் எஸ்டேட் சூபர்வைசர்களிடம் பேசி, "இவளுக்கு இப்படி ஒரு நோய் இருக்கு, உள்வேலை குடுங்க" என்று வாதாடியதை நான் அறிவேன்.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் சிக்கிள் செல் ஒழிப்புக்கான தேசிய இயக்கத்தைத் தொடங்கிவைத்தார், 2047 இலக்கு, ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண வயதில் இருக்கிற ஒரு பெண்ணிடம் போய் 'உனக்கு இந்தக் கூறு இருக்கிறது, மாப்பிள்ளைக்கும் இருக்கிறதா என்று பார்க்கலாம்' என்று சொல்வது அட்டை அச்சடித்துக் கொடுக்கும் வேலை இல்லை. தப்பான வாயில் இருந்து வந்தால் அது அந்தப் பெண்ணுக்கு முத்திரையாகிவிடும், சில சமயம் ஒரு முழு இனத்துக்கே முத்திரையாகிவிடும். உங்கள் வாயில் இருந்து வரும்போது அது வீட்டுப் பேச்சு. மாவட்ட அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால், இந்தப் பேச்சை எப்படிப் பேசுவது என்று இந்த அக்காமாரிடம் ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். பயிற்சிக் கையேடு பிறகு அடிக்கலாம். 2021ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபோதும் இதையேதான் நினைத்தேன், வீடு தேடிப் போகிற வைத்தியத்தை இந்த மலையில் அதற்குப் பல வருடம் முன்பே கால் தேயச் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

எங்களை இந்த மலையில் குடியேற்றியது அரசு. நிலம் பறிக்க வந்தவர்கள் அல்ல நாங்கள், பிடுங்கி எறியப்பட்டு வந்தவர்கள். ஆனாலும் கணக்கைப் பார்த்தால் உங்கள் காடு எங்கள் லைன் ஆனது. இப்போது அதே டான்டீ நட்டம் என்று சொல்லி, 2022ல் தோட்டத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பது என்று முடிவாகி, எங்கள் ஆட்கள் மறுபடியும் எங்கே போவது என்று முழிக்கிறார்கள். இந்தச் சண்டையில் எல்லாம் ஆதிவாசிகளும் சிலோன்காரர்களும் ஒரு பக்கம் நின்றது குறைவு. டீக்கடையில் பணியர்களை எங்கள் ஆட்கள் 'அவன் இவன்' என்று பேசுவது இன்றைக்கும் நிற்கவில்லை. எழுபது வயது ஆளைக்கூட.

அப்படி இருந்தும் எங்கள் லைன் பெண்களுக்கு வயிற்றில் பிள்ளை புரண்டிருந்தால், பெரியவர்களுக்கு மூச்சு இழுத்தால், "ஆதிவாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ" என்பதுதான் முதல் பேச்சு. ஆதிவாசி அல்லாதவர்களுக்கு அங்கே கட்டணம் கூடுதல், அது நியாயமும்கூட, வெளியே கேட்பதை ஒப்பிட்டால் அதுவும் குறைவு. டீக்கடையில் வாய் நீளுகிற அதே ஆள், அங்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு குறும்பர் பெண்ணைப் பார்த்து "சிஸ்டர், கொஞ்சம் பாருங்க சிஸ்டர்" என்று கை கூப்புவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஒரு முகச்சுளிப்புக்கூட இல்லாமல் பார்த்தீர்கள். தரையில் உட்காரவைக்கவில்லை, கடைசியில் கூப்பிடவில்லை. என் சித்திக்கு டிரிப் ஏற்றும்போது நரம்பு கிடைக்காமல் தவித்து, ஒரு தடவை குத்தியதற்கே "மன்னிச்சிருங்க அம்மா" என்றீர்கள். சித்தி அதை லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பாராட்டு போதும், இரண்டு விஷயம் கேட்கவேண்டும்.

ஒன்று, உங்கள் வரலாறு. அக்கார்டு பற்றி, காப்பீடு பற்றி, டாக்டர்கள் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் இங்கிலீஷில். எட்டாவதோடு நின்ற ஒரு பெட்டக்குறும்பர் பெண் முதல் தடவை ஆபரேஷன் தியேட்டருக்குள் போனபோது என்ன நினைத்தாள், பிரசவம் பார்த்த முதல் ராத்திரி கை நடுங்கியதா, சொந்த ஊரில் 'ஊசி போடுறவ வந்துட்டா' என்று பிள்ளைகள் ஓடி ஒளிந்தபோது என்ன செய்தாள், இதை எல்லாம் நீங்கள்தான் சொல்லவேண்டும். எழுத நேரம் இல்லை என்றால் பேசுங்கள், போனில் பதிவு செய்துகொள்ளலாம். பணியர் மொழியிலேயே பேசுங்கள். எழுத்தில் கொண்டுவர ஆள் பிடிப்பது எங்கள் வேலை. மூத்த அக்காமார் ஓய்வுக்குப் போகிற காலம் இது, தள்ளிப்போடவேண்டாம்.

இரண்டாவது கொஞ்சம் சங்கடமான விஷயம். அரசு அட்டை எல்லோர் கையிலும் வந்தபிறகு, சங்கத்துக்கு வருடாவருடம் பங்கு கட்டும் பழக்கம் இளையவர்களுக்கு எதற்கு என்று தோன்றலாம். படித்த ஆதிவாசிப் பிள்ளைகள் நர்சிங் முடித்துவிட்டு கோயம்புத்தூர், கோழிக்கோடு என்று போவதும் இயல்புதான், சம்பளம் அங்கே கூட. போகட்டும், அது அவர்கள் உரிமை, அவர்களைப் போக வைத்ததே உங்கள் சாதனை. ஆனால் 'இது எங்க ஆஸ்பத்திரி' என்று சொல்கிற தலைமுறையும் 'இது ஒரு ஆஸ்பத்திரி' என்று சொல்கிற தலைமுறையும் வேறு வேறு. ஊட்டியில் 2025 ஏப்ரலில் பெரிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறந்துவிட்டது, இனி ஆதிவாசி ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்பவர்களும் வருவார்கள். ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை, நடுராத்திரி, ரோட்டில் யானை நிற்கிறது என்று வண்டி திரும்பிவிடுகிற ஊரில் இருந்து பார்த்தால் அந்தக் கேள்வியே எழாது. இருந்தாலும் பதிலைத் தயாராக வையுங்கள். கூட நின்று சொல்வதற்கு எங்களையும் கூப்பிடுங்கள். எங்கள் ஆட்கள் சத்தமாகப் பேசுவார்கள், அது ஒன்றில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

கடைசியாக ஒரு வேலை விஷயம். பிரசவத்தில் ரத்தப்போக்கு, சிக்கிள் செல் பிள்ளைகள், ஆபரேஷன் என்று உங்களுக்கு ரத்தம் தேவைப்படுகிற நேரங்களில் சொந்தக்காரர்களிலேயே ஆள் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் லைனில் இளைஞர் மன்றம் ஒன்று இருக்கிறது. கிரிக்கெட்டுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டும் கூடுகிற மன்றம்தான். போன வாரம் உட்கார்ந்து பேசி, ரத்தம் கொடுக்க விருப்பம் உள்ளவர்களின் பெயர், ரத்த வகை, போன் நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவிட்டோம். பெண்களும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பிரதியைக் கொண்டுவந்து ரிசப்ஷனில் கொடுக்கிறோம். ராத்திரியில் கூப்பிட்டாலும் பரவாயில்லை, ஜீப் வைத்திருக்கிற இருவர் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறோம், முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
பந்தலூர் பக்கத்து லைன்காரன் ஒருவன்